நாற்பத்தெட்டாம் பக்கம்

என் மச்சினிக்கு வீட்டில் பெயர் பூட்டு. பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அது பள்ளிக்கூடச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. ஏழு வயதில் ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே கிளம்பியபோது, வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். தெருமுனை வரை போனவள் திரும்பி ஓடிப்போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "ரெண்டாவது தடவை ரொம்ப வேகமா இழுத்துட்டேன். அதனாலேயே திறந்திருக்குமோ?" என்று அழ ஆரம்பித்தாளாம். மொத்தக் குடும்பமும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தது. பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இதை எனக்குச் சொன்னது என் மனைவி, அதாவது பூட்டின் அக்கா.

நான் இதற்கு நேர் எதிர். கதவைச் சாத்தினால் சாத்தியதுதான், திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. வீட்டுக்குக் கீழேயே பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல், பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன். "இந்தப் பதினாறு வருஷத்துல ஒரு தாள் இடம் மாறினதில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வார்கள். நான் யானையில்லையே என்று தைரியமாக இருந்தேன்.

கடைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஆடிட்டர் ஆபீஸ். பூட்டு படித்து, தேர்வெழுதி, நல்ல மதிப்பெண்ணோடு அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு கம்பெனி எழுதிவைத்த கணக்கை வெளியாள் ஒருவர் வந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. பிறவியிலேயே பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறெது என்று நாங்கள் பூரித்துப்போனோம். எங்களோடுதான் தங்கினாள். சாலையைக் கடந்தால் ஆபீஸ், படியேறினால் வீடு.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனிக் கணக்கை விட்டுவிட்டு அவள் தன்னைத்தானே சரிபார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஆபீஸில் சில சட்டதிட்டங்கள் உண்டு. புதியவர்களுக்குப் பச்சை மைப் பேனா. பார்த்த ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பச்சையில் ஒரு டிக் போட வேண்டும். யார் பார்த்தார்கள் என்று பிற்பாடு தெரிவதற்காக. எங்கள் பூட்டு முதலில் பென்சிலில் டிக் போடுவாள். மறுபடி பார்ப்பாள். அதன் மேல் பச்சையை ஓட்டுவாள். பிறகு பச்சை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பாள். மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பது இவளுக்கு ஒன்றரை நாள். ஒவ்வொரு தாளின் மேலேயும் 'தயாரித்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டங்கள், அடியில் 'முடிவு' என்று ஒரு வரி. முடிவு எழுதாத தாளை வாங்க மாட்டார்கள். அந்த ஒரு வரி எழுதுவதற்குள் இவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

இவள் எழுதியதைச் சரிபார்ப்பவர் ஒரு அம்மாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஆபீஸில் சிவப்புப் பேனா வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சிவப்பு மை. எந்தத் தாள் கண்ணில் பட்டாலும் அந்தப் பேனாவைத் திறக்காமல் அவருக்கு இருக்க முடியாது. ஒரு தடவை என் கடைக் கதவில் 'நாளை கடை விடுமுறை' என்று எழுதி ஒட்டியிருந்தேன். நகலெடுக்க வந்தவர், போகிற போக்கில் பேனாவைத் திறந்து ஓரத்தில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தால், 'நாளை என்பது எந்த நாள்? தேதி இல்லை' என்று சிவப்பில் இருந்தது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விடுமுறை முடிந்த மறுநாளும் அந்தத் தாள் அங்கேயே தொங்கி, இன்றைக்குத்தான் விடுமுறை போலிருக்கிறது என்று நாலு வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி ராஜினாமாக் கடிதங்களுக்கு வருகிறேன்.

சேர்ந்த மூன்றாவது மாதத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் காலையில் பூட்டு கடைக்குள் நுழைவாள், கையில் பென் டிரைவ். "மாமா, ஒரு பக்கம் பிரிண்ட்" என்பாள். என்ன பக்கம் என்று நான் கேட்பதில்லை. முதல் கடிதம் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கியது. அதைப் படித்துவிட்டு என் மனைவி கொதித்துப்போனாள். "நம்ம குடும்பத்துல என்னடி சூழ்நிலை? இவருக்கும் உனக்கும் மூணு வேளையும் நான் வடிச்சுக் கொட்டுற சூழ்நிலைதானே?" அடுத்த வாரம் 'உடல்நிலை காரணமாக' ஆயிற்று. கடிதத்தைப் பையில் வைத்துவிட்டு மேலே போய், இரண்டாவது முறையாகச் சாதம் போட்டுச் சாப்பிட்ட உடல்நிலை அது. பிறகு 'மேற்படிப்பு', பிறகு 'தவிர்க்க முடியாத காரணங்கள்'.

ஒன்றையும் கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தாளைக் கொண்டுவந்து, நான் வீணான தாள்களைப் போட்டுவைக்கும் தட்டில் போட்டுவிடுவாள். வேலையில் இருக்கலாமா என்று சந்தேகம். விடலாமா என்றால் அதிலும் சந்தேகம். வீணான தாள்களின் பின்பக்கத்தில்தான் என் மகள் வீட்டுப்பாடம் போடுவாள். ஒரு நாள் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, "சார், உங்க வீட்ல யாரோ வேலையை விடப் போறாங்க போல. பெருக்கல் கணக்குக்குப் பின்னாடி அஞ்சு லெட்டர் படிச்சுட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். அசடு வழிய நின்றேன்.

"அப்படி என்னதான் பயம் உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு மாமா, எனக்கு மட்டும் தெரியல. தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கேன். என்னைக்காவது கண்டுபிடிச்சுடுவாங்க."

"கண்டுபிடிக்கறதுதானே உங்க ஆபீஸ் வேலை? எட்டு மாசமா கண்டுபிடிக்கலன்னா அவங்களுக்குத்தான் வேலை தெரியலன்னு அர்த்தம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினாள். தப்பு நோட்டு. செய்த தப்பையெல்லாம் தேதி போட்டு எழுதிவைத்திருந்தாள். எனக்குப் படபடவென்று வந்தது. "இதையெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டா எந்த மனுஷன் நிம்மதியா இருப்பான்? கிழிச்சுப் போடு" என்று கத்தினேன். அவள் நோட்டைப் பையில் வைத்து ஜிப்பை மூடினாள். மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் நாற்காலிக் கம்பெனி வந்தது. விழாக்களுக்கு நாற்காலி, மேசை வாடகைக்கு விடுகிறவர்கள். கணக்கில் உள்ள நாற்காலிகள் கிடங்கில் நிஜமாகவே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கப் பூட்டைத் தனியாக அனுப்பினார்கள். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. காலையிலேயே ஆரம்பித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த அடுக்குகளை அடுக்கடுக்காக எண்ணியிருக்கிறாள். நாலு நாற்காலி குறைந்தது. மறுபடி எண்ணினாள். நாலுதான் குறைந்தது. மூன்றாவது தடவையும் அதே நாலு. மூன்று தடவை ஒரே விடை வந்ததில் அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து, கிடங்கு மேனேஜரிடம் போய், "நாலு குறையுது சார்" என்று சொல்லியும்விட்டாள். அந்த மனிதர் எகிறிவிட்டார். கிடங்குக்காரரையும் சுமை ஏற்றும் இரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, யார் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டார்.

அந்த மூன்று பேரும் திருதிருவென்று விழித்தபோதுதான் இவளுக்கு உறைத்தது. மத்தியானம் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாள். கதவுக்கு வெளியே, நிழலில், நாலு நாற்காலி போட்டு. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதை. உடனே சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டாள். மேனேஜர் விடவில்லை. "எண்ணத் தெரியாத புள்ளைங்களையெல்லாம் அனுப்பி வைக்கிறாங்கப்பா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாராம்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை காலை பூட்டு கடைக்கு வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. நாற்காலிக் கம்பெனி ஃபைல் அன்றைக்குச் சிவப்பு மையிடம் போக வேண்டும். முதல் பாகம் நாற்பத்தேழு பக்கம். இரண்டாவது பாகம் பதினைந்து. அவற்றோடு ஒரு கடிதம்.

"இது பத்தொன்பதாவது. இதைக் கண்டிப்பா குடுத்துடுவேன் மாமா" என்றாள்.

திரையில் பார்த்தேன். குடும்பமும் இல்லை, உடம்பும் இல்லை. நாலே வரி. 'இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இல்லை. எட்டு மாதங்களில் பல தவறுகள் செய்திருக்கிறேன். என்னால் இந்த அலுவலகத்துக்குப் பயனில்லை. எனவே என்னைப் பணியிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "சரி, சரி" என்று மட்டும் சொன்னேன்.

முதல் பாகத்தை அனுப்பினேன். கடிதத்தை அனுப்பினேன். இரண்டாவது பாகத்தை அனுப்பினேன். மிஷின் துப்பிய தாள்களை அள்ளித் தட்டி, நம்பர் போடும் இயந்திரத்தால் டக் டக்கென்று ஒவ்வொன்றிலும் பக்க எண்ணைக் குத்தி, துளை போட்டு, கம்பியைக் கோத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"மாமா, ஒரு தடவை பக்கத்தை எண்ணிப் பார்த்துடலாமா?"

"பதினாறு வருஷம்!" என்றேன். எல்லார் முன்னாலும் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். "என் கைல ஒரு தாள் மாறினதில்ல. எண்ணற வேலையெல்லாம் உங்க ஆபீஸ்ல வெச்சுக்கோ. ஒரு தடவையாவது ஒருத்தரை நம்பிப் பழகு."

நம்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் போனாள்.

மத்தியானம் வந்தாள். "ஃபைலைக் குடுத்துட்டேன் மாமா. லெட்டரைக் குடுங்க. சாயங்காலம் அதையும் குடுத்துட்டு வந்துடறேன்."

தட்டில் பார்த்தேன், இல்லை. மிஷினுக்கு அடியில் பார்த்தேன். வீணான தாள்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். பூட்டு நம்பர் போடும் இயந்திரத்தை எடுத்து, அடியில் தெரியும் எண்ணைப் படித்தாள். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் எண் தானாக ஏறும் இயந்திரம் அது. அறுபத்திரண்டு பக்கம் குத்தியிருந்தால் அடுத்து அறுபத்து மூன்று நிற்க வேண்டும். அறுபத்து நான்கு நின்றது.

"முதல் பாகம் நாப்பத்தேழு. நடுவுல லெட்டரை அனுப்பினீங்க" என்றாள். "மாமா, நாப்பத்தெட்டாம் பக்கம் என் ராஜினாமா."

கடையை அப்படியே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து ஓடினேன். என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. சிவப்பு மை மேசையில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் எதிரே இருந்தது, இன்னும் திறக்கவில்லை.

"மேடம், அந்த ஃபைல்ல கம்பி சரியில்ல. அஞ்சு நிமிஷம் குடுத்தீங்கன்னா மாத்திக் குடுத்துடறேன்."

அவர் கம்பியை மேலிருந்து கீழே வரை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"வெளிய தெரியாது மேடம். உள்ள ஒரு பக்கத்துல பிடிக்கும்."

"எத்தனாம் பக்கம்?"

"நாப்பத்தெட்டு" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும். அவர் ஒரு சின்னத் தாளில் 'ப. 48 - கம்பி' என்று சிவப்பில் குறித்துக்கொண்டார். "பார்க்கறேன். நம்பர் போட்ட ஃபைல்லேர்ந்து ஒரு தாள்கூட வெளிய போகாது. இங்க அது விதி" என்றார். எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எப்படித் திரும்பிச் சாலையைக் கடந்தேன் என்றே தெரியவில்லை.

பூட்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "விடுங்க மாமா. எப்படியும் குடுக்கத்தானே இருந்தேன்? போயிடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. பிடிக்காத வேலையை விடுவதற்கு யாரும் பத்தொன்பது கடிதம் எழுதிப் பதினெட்டைத் தூக்கிப்போட மாட்டார்கள். விடுவதா இருப்பதா என்று அவள் முடிவுசெய்வதற்கு முன்னால் அதை நான் டக்கென்று குத்தி அனுப்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மேலே போனதும் என் மனைவி ஒரே வரியில் முடித்தாள். "அவளுக்கு இருக்கற சந்தேகத்துல பாதி உங்களுக்கு இருந்திருந்தா ரெண்டு பேருமே உருப்பட்டிருப்பீங்க." அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸில் சிவப்பு மை பூட்டிடம் எதுவும் கேட்கவில்லையாம். சனி, ஞாயிறு வீட்டில் ரேடியோகூட வைக்கவில்லை. என் மகள் மட்டும், "சித்தி, இந்தத் திங்கக்கெழம லெட்டர் வராதா? எனக்குப் பேப்பர் வேணுமே" என்று கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பூட்டு ஒரு தாளோடு வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. சிவப்பு மை ஃபைலைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த கேள்விப் பட்டியல் அது. பக்கம் 47, கூட்டலுக்கு டிக் இல்லை. பக்கம் 49, நாற்காலி எண்ணிக்கையில் கிடங்குக்காரரின் கையெழுத்து வேண்டும். இரண்டுக்கும் நடுவில், அதே கையெழுத்தில், அதே சிவப்பில் இது இருந்தது.

'பக்கம் 48. (1) தகுதி இல்லை: எந்த அளவுகோலின்படி? (2) பல தவறுகள்: பல என்றால் எத்தனை? பட்டியல் இணைக்கவும். (3) பயனில்லை: சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு உறுதிசெய்யப்பட்டதா? (4) தயாரித்தவர் கையெழுத்து, தேதி இல்லை. (5) முடிவு எழுதப்படவில்லை. (6) கம்பியில் குறை ஏதும் தென்படவில்லை.'

ஆறாவதைப் படித்தபோது என் காது சூடானது.

"சிரிச்சாங்களா?"

"இல்ல மாமா. கடைசிவரைக்கும் சிரிக்கவே இல்ல. 'வியாழக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் க்ளியர் பண்ணிடு'ன்னாங்க. அவ்வளவுதான்."

"நீ என்ன பண்ணப் போற?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "கேள்வி கேட்டிருக்காங்களே மாமா. பதில் எழுதணுமில்ல?"

அதுதான் பூட்டு. வேலையே போகப்போகிறது என்றாலும் ஒரு கேள்வியைப் பதில் இல்லாமல் விட அவளால் முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை தப்பு நோட்டைக் கொண்டுவந்தாள், பட்டியலாகத் தட்டச்சு செய்ய. அவள் வாசித்தாள், நான் அடித்தேன். தேதி, தப்பு, கண்டுபிடித்தவர் என்று மூன்று கட்டம். இந்த வருடக் கட்டணத்தை அடுத்த வருடக் கணக்கில் எழுதியது. ஒரே ரசீதை இரண்டு தடவை பார்த்தது. பன்னிரண்டாவது தப்பு, 'இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு அணிந்து அலுவலகம் சென்றது. கண்டுபிடித்தவர்: அக்கா மகள்.'

"இதெல்லாம் எதுக்கு?"

"தப்புதானே மாமா? எழுதுங்க."

நாற்காலியோடு சேர்த்து மொத்தம் முப்பத்தொன்று. 'பல' என்றால் எத்தனை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் முகம் இன்னும் சுருங்கியது. முப்பத்தொன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மூணாவது கட்டத்தைக் கூட்டினியா?"

"எந்தக் கட்டம்?"

"கண்டுபிடித்தவர். எல்லாக் கட்டத்துக்கும் கூட்டல் போடணும்னு நீதானே சொல்லுவ?"

எட்டு மாதம் அந்த நோட்டை எழுதியவள் அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. கல்லாவில் இருந்த கால்குலேட்டரை இழுத்துக்கொண்டாள். சிவப்பு மை கண்டுபிடித்தது நாலு. என் மகள் கண்டுபிடித்தது ஒன்று. 'நானே' என்று எழுதியிருந்தது இருபத்தாறு. கால்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இருபத்தாறு. பிறகு ஒரு துண்டுத் தாளில் கோடு கோடாகக் கிழித்து, ஐந்தைந்தாகக் கட்டி எண்ணினாள். இருபத்தாறுதான்.

நகலெடுக்க வந்த ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை.

"முப்பத்திரண்டாவதும் ஒண்ணு இருக்கு, எழுதிக்கோ" என்றேன். "ராஜினாமாவை ஃபைலுக்குள்ள வெச்சுக் குத்தினது. செய்தவர்: மாமா. கண்டுபிடித்தவர்: நீ."

"இது என் தப்புப் பட்டியல் மாமா. உங்களுது வேணும்னா தனியா ஒரு நோட்டுப் போடுங்க" என்றாள். எட்டு மாதத்தில் அவள் என்னைக் கிண்டல் பண்ணியது அதுதான் முதல் தடவை. கோபம் வந்த மாதிரி காட்டிக்கொண்டேன்.

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் தொழிலிலேயே ஒரு வழி உண்டு. வெளியாள் ஒருவரிடம் ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டுமென்றால், அதை ஒரு தாளில் எழுதி, 'ஒத்துக்கொள்கிறேன் / ஒத்துக்கொள்ளவில்லை' என்று அடியில் போட்டு அனுப்புவார்கள். அவர் ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார். பூட்டு அப்படி ஒரு தாள் தயாரித்தாள். 'இந்த ஊழியரால் அலுவலகத்துக்குப் பயனில்லை என்று எங்கள் பதிவில் உள்ளது. உங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று தெரிவிக்கவும்.' பெறுநர், சிவப்பு மை. புதன்கிழமை காலை அதை அவர் மேசையில் வைத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டாளாம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் இப்படித் தாள் அனுப்பியிருக்கிறாள். பயந்தது இதற்குத்தான் என்றாள்.

அன்று சாயங்காலம் என் மனைவிக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. "ஏண்டி, நாலாவது கேள்விக்குக் கையெழுத்தும் தேதியும் போட்டா அது நிஜமாவே ராஜினாமா ஆயிடுமே! இதுவரைக்கும் அது சும்மா ஒரு தாள். நாளைக்குக் கையெழுத்துப் போட்டா வேலை போச்சு."

"போடலன்னா கேள்வி நிக்கும் அக்கா. கேள்வி நிக்கறப்போ ஃபைலை மூடக் கூடாது."

"அப்போ என்னதான் பண்ணப் போற?"

"தெரியல. இன்னும் பதில் வரல." அன்று இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு விளையாட்டாக இருந்ததெல்லாம் போதும் என்று தோன்றியது. மறுநாள் அவள் அந்தத் தாளின் அடியில் என்ன எழுதுவாளோ அதுதான் அவள் பிழைப்பு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, புதுத் தாள் மூணு சேர்ந்திருக்கு. சேர்க்கறதுக்கு மட்டும் மேடம் அனுமதி குடுத்திருக்காங்க. 48-1, 48-2, 48-3. பிரிச்சுச் சேர்த்துக் கட்டிக் குடுங்க." சொல்லிவிட்டுத் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கம்பியை உருவினேன். நாற்பத்தெட்டு தானாகவே மேலே வந்து விழுந்தது. அதோடு சேர்க்க வேண்டியவற்றில் முதலாவது, தப்புப் பட்டியல். இரண்டாவது, அதன் கூட்டல். ஒவ்வொரு கூட்டலுக்கும் பக்கத்தில் சிவப்பு டிக். அதே தாளில் முதல் கேள்விக்கும் பதில் எழுதியிருந்தாள். 'அளவுகோல் எதுவும் அலுவலகத்தில் கிடைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டது.' அதற்கும் சிவப்பு டிக். மூன்றாவது, உறுதிசெய்யும் தாள். அதில் 'ஒத்துக்கொள்கிறேன்' என்பது ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, 'எங்கள் பதிவில் அப்படி எதுவும் இல்லை. இந்த விஷயத்தில் இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம்.' கையெழுத்து, தேதி.

நாற்பத்தெட்டின் மேலே 'தயாரித்தவர்' என்று புதிதாகக் கட்டம் போட்டு, அதில் பச்சையில் அவள் கையெழுத்து இருந்தது. தேதியும் இருந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. கண்ணைக் கீழே இறக்கினேன். பக்கத்தின் அடியில் அதே பச்சை மையில் எழுதியிருந்தாள்.

'முடிவு: மேற்கண்ட மூன்று கூற்றுகளும் சரிபார்க்கப்பட்டன. ஆதாரம் போதவில்லை. இந்தக் கடிதம் ஏற்கத்தக்கதல்ல.'

அந்த வரிக்கு அடியில் பென்சில் தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. நேராகப் பேனாவில் எழுதியிருந்தாள்.

கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லப்போவதில்லை. அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன். பிறகு தாள்களை எண்ணினேன். நான் எண்ணியதைப் பார்த்து, வரிசையில் நின்ற பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டுக் கம்பியைக் கோத்தேன்.

"எண்ணினீங்களா மாமா?" திரும்பாமலே கேட்டாள்.

"மூணு தடவை."

"எத்தனை?"

"அறுபத்தாறு."

"சரி" என்று ஃபைலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிச் சாலை போய்விட்டாள். ஆபீஸ் வாசல் பத்தடிதான் இருந்தது. நடுச் சாலையில் நின்றாள், ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார், திரும்பி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. இன்னும் ஒரே ஒரு தடவை."

"கொண்டா" என்றேன்.

கல்லா மேசையைத் துடைத்து ஃபைலை நடுவில் வைத்தோம். நான் தாளைப் புரட்டினேன், அவள் எண்ணினாள். அறுபத்தாறு இருந்தது.